‘தாயும் சேயும் நலம்’ என்று சொன்ன பிறகு

பிரசவ அறையின் கதவு பாதி திறந்து ‘தாயும் சேயும் நலம்’ என்ற செய்தி வெளியே வந்ததும், காத்திருந்தவர்களுக்குப் போன மூச்சு திரும்பி வருகிறது. மருத்துவச் சேவையின் ஏட்டிலும் அந்த இடத்தில் ஒரு கோடு விழுகிறது. ஒன்பது மாதமும் ஒரே அட்டையில் எழுதப்பட்டு, ஒரே மருத்துவரின் பொறுப்பில் இருந்த ஓருடல் அந்த நிமிடத்திலிருந்து இரண்டு நோயாளிகளாகப் பிரிகிறது. தாயின் குறிப்புகள் மகப்பேறு பிரிவிலேயே இருக்க, குழந்தைக்குப் புதிய எண், புதிய கோப்பு, புதிய மருத்துவர் என்று ஆகிவிடுகிறது. ஓரிரு நாளில் இருவரும் வீடு திரும்பும்போது இரண்டு கோப்புகளும் மூடப்படுகின்றன. ஆனால் தாய்மார்களும் பச்சிளம் குழந்தைகளும் எப்போது இறக்கிறார்கள் என்று நாள்வாரியாக, மணிவாரியாகப் பார்த்தால், அந்த மரணங்கள் அடர்ந்து கிடப்பது இந்தக் கோடு விழும் இடத்தைச் சுற்றித்தான். எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு, ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குக் கைமாறும் வேளையில்தான் உயிர் நழுவுகிறது.

உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023-இல் கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் இறந்தார்கள். 2022-இல் ஐந்து வயது நிறையாத குழந்தைகளில் ஏறத்தாழ 49 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்து 28 நாள்கூடக் கடக்காதவர்கள். 1990-இல், பிறக்கும் 1,000 குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதைக் காணாமலே போனார்கள் என்ற நிலை, 2022-இல் 37 பேர் என்று இறங்கியிருக்கிறது. இது பெரிய சாதனைதான். ஆனால் அந்த வீழ்ச்சி எல்லா வயதிலும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. தடுப்பூசியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளின் மரணம் வேகமாகக் குறைந்தது. பிறந்த சில நாட்களில் நிகழும் மரணம் மெதுவாகவே குறைந்தது. அதனால் மொத்தக் குழந்தை மரணங்களில் பச்சிளம் குழந்தைகளின் பங்கு இப்போது ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அந்த 28 நாட்களுக்குள்ளும் முக்கால் பங்கு மரணங்கள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகின்றன. 28 வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு உயிரற்றுப் பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம். இவர்கள் மேற்சொன்ன எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அவற்றில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை, வலி எடுத்த பிறகு, அதாவது பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே நிகழ்பவை.

சேவையின் முதல் கட்டம் கர்ப்பகாலப் பரிசோதனை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 16-ஆம் வாரத்தில் தொடங்கி, 24, 28-ஆம் வாரங்களில் பார்த்து, பிறகு 36-ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பின் வாரம் ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்ற அட்டவணையை பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் 1929-இல் வகுத்தது. அதற்குப் பெரிய ஆய்வு எதுவும் அடிப்படையாக இருக்கவில்லை என்றாலும், பல நாடுகளில் பல பத்தாண்டுகளுக்கு அதுவே நடைமுறை ஆயிற்று. இத்தனை முறை வரத் தேவையில்லை, நான்கு முறை போதும் என்ற எளிய அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2002-இல் முன்வைத்தது. பின்னர் அந்த ஆய்வுத் தரவுகளை மீண்டும் அலசியபோது, குறைந்த முறை பார்க்கப்பட்ட குழுவில் கருவில் இறந்த குழந்தைகள் சற்றுக் கூடுதலாக இருந்ததும், கடைசி மாதங்களில் விழுந்த நீண்ட இடைவெளியில் அந்த வேறுபாடு தெரிந்ததும் வெளிப்பட்டது. 2016-இல் எண்ணிக்கை எட்டாக உயர்த்தப்பட்டது: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40-ஆம் வாரங்களில். எட்டில் ஐந்து கடைசிப் பத்து வாரங்களில் வருவதைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுவதும், குழந்தையின் வளர்ச்சி தேங்குவதும், தலை திரும்பாமல் நிற்பதும் தெரிய வருவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

பரிசோதனைக்கு வருவதால் மட்டுமே உயிர் காக்கப்படும் என்று நம்புவது தவறு. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனைப் பரிசோதனைகள் பரவத் தொடங்கிய பிறகும், 1930-களின் நடுப்பகுதி வரை, 1 லட்சம் பிரசவங்களுக்கு 400 அளவிலேயே தாய் மரணம் அசையாமல் நின்றது. பிரசவக் காய்ச்சலை அடக்கும் சல்ஃபா மருந்துகள் 1930-களின் பிற்பாதியில் வந்தபோதுதான் அந்த எண் சரிந்தது. பின்னர் ரத்தம் ஏற்றும் வசதியும் பெனிசிலினும் அதை மேலும் இறக்கின. கர்ப்பிணிகளை ‘ஆபத்து உள்ளவர்’, ‘ஆபத்து இல்லாதவர்’ என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்ற எண்ணமும் ஓரளவுக்குத்தான் பலித்தது. ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் சுகமாகவே பிரசவிக்கிறார்கள்; சிக்கலில் சிக்குபவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள். பரிசோதனையின் உண்மையான பயன், சில குறிப்பிட்ட செயல்களில் இருக்கிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, டெட்டனஸ் ஊசி, எச்.ஐ.வி., சிபிலிஸ் போன்ற தொற்றுகளைக் கண்டறிதல், 140/90-க்கு மேல் போகும் ரத்த அழுத்தத்தை விட்டுவிடாமல் பிடித்தல் ஆகியவை அவை. ஃபோலிக் அமிலத்தின் விஷயத்தில் இந்தக் கட்டம்கூடத் தாமதம்தான்: அது காக்க வேண்டிய, மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அதற்குள் தெரிந்திருக்காது என்பதால், அந்த மாத்திரை கருத்தரிக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

பிரசவத்தை ஒட்டிய ஆபத்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சராசரியாக இரண்டு மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். பிரசவத்துக்கு முந்தையதற்கு ஏறத்தாழ 12 மணி நேரம். கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்புக்கு இரண்டு நாள். குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால் மூன்று நாள். தொற்றுக்கு ஆறு நாள். செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994-இல் விவரித்த ‘மூன்று தாமதங்கள்’ இந்தக் கடிகாரங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேர்வதில் இன்னொன்று. சேர்ந்த பிறகு, ரத்தமோ மயக்க மருந்து கொடுப்பவரோ அறுவை அரங்கோ தயாராகும் வரை மூன்றாவது. முதல் இரண்டையும் பற்றிப் பேசுவது எளிது. குடும்பத்தின் அறியாமை என்றோ சாலை வசதி இல்லை என்றோ சொல்லி முடித்துவிடலாம். மூன்றாவது தாமதம் மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே நடக்கிறது என்பதால் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே நடக்கிறது.

அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ரத்தப்போக்கே சரியான உதாரணம். தாய் மரணங்களில் கால் பங்குக்கும் மேல் இதனால் நிகழ்பவை. நஞ்சுக்கொடி வெளிவந்த பிறகு கருப்பை இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். அது தளர்ந்தே கிடந்தால் ரத்தம் நிற்காது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி 10 அலகு, கருப்பையை மேலிருந்து தேய்த்து இறுக்குவது, ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழியே திரவம் என்று சிகிச்சை முழுவதும் முன்பே தெரிந்தவை. தெரியாமல் இருந்தது எவ்வளவு ரத்தம் போகிறது என்பதுதான். விரிப்பிலும் பஞ்சிலும் தரையிலும் பனிக்குட நீரோடு கலந்து பரவும் ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்லும்போது, அனுபவமுள்ளவர்களும் குறைத்தே சொல்கிறார்கள். ரத்தப்போக்கு கூடக்கூட, கணிப்பில் விழும் பிழையும் கூடுகிறது. இதற்குக் கிடைத்த தீர்வு வியக்கும்படி எளிமையானது. பிரசவித்த பெண்ணின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, கீழே புனல்போல் குவிந்து ஒரு பையாக முடிகிறது. பையில் அளவுக்கோடுகள் இருக்கின்றன. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விரிப்பால் ரத்தப்போக்கை அளந்து, எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மேலே சொன்ன சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. வழக்கமான முறையில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் அடையாளம் கண்டார்கள். விரிப்பு வந்ததும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுகொண்டார்கள். புது மருந்து எதுவும் இதில் இல்லை. செவிலியர் ஒருவர் மருத்துவரிடம் ‘கொஞ்சம் அதிகமாகப் போகிறது’ என்று தயங்கிச் சொல்வதற்கும் ‘300 மில்லிலிட்டரைத் தாண்டிவிட்டது’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடுதான் அங்கே வேலை செய்தது.

அதே அறையில், அதே நேரத்தில், இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. அதற்கு ஒரு நிமிடம்தான் கெடு. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே அழுது மூச்சுவிடத் தொடங்குகின்றன. நூற்றில் பத்துக் குழந்தைகளுக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுக்கு முகமூடியும் பலூன் போன்ற பையும் கொண்டு காற்றைச் செலுத்த வேண்டும். 1953-இல் வர்ஜீனியா அப்கர் என்ற மயக்கவியல் மருத்துவர் வெளியிட்ட, பிறந்த ஒன்றாவது நிமிடத்திலும், பின்னாளில் ஐந்தாவது நிமிடத்திலும் குழந்தைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறிக்கும் முறை இன்றும் உலகெங்கும் இருக்கிறது. அது வரும்வரை பிரசவ அறையில் எல்லோர் கண்ணும் தாயின் மேலேயே இருந்தது. மதிப்பெண் குறிக்க வேண்டும் என்றால் ஒருவர் குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மூச்சுவிடாத குழந்தைக்கு மதிப்பெண் கணக்கிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, அந்த நேரத்தில் பையைக் கையில் எடுக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் அழுத்திச் சொல்லப்படும் செய்தி. தாய்க்கு ரத்தப்போக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறலும் ஒரே நேரத்தில் வந்து, அறையில் ஒரே ஒரு செவிலியர் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்த வழிகாட்டியிலும் நல்ல விடை இல்லை. இரண்டாவது ஆள் வேண்டும் என்பதே விடை.

தாய்க்கும் சேய்க்கும் இடையே கைமாறும் சிகிச்சைக்கு மிகக் கூர்மையான சான்று குறைமாதப் பிரசவத்தில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் காட்டியது இதுதான்: குறைமாதத்தில் பிரசவம் நெருங்கும் பெண்ணுக்குப் போடும் ஊசி, இன்னும் பிறக்காத குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. பணக்கார நாடுகளில் எண்ணற்ற உயிர்களைக் காத்த இந்த ஊசியை, வசதி குறைந்த ஆறு நாடுகளில் பரவலாகக் கொண்டுசென்று பார்த்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. மிகச் சிறிய குழந்தைகளின் மரணம் குறையவில்லை; மொத்தமாகப் பார்த்தால் பச்சிளம் குழந்தை மரணம் சற்றுக் கூடவும் செய்தது. ஸ்கேன் இல்லாததால் எத்தனை வாரக் கர்ப்பம் என்பது சரியாகத் தெரியாமல், தேவையற்ற பலருக்கும் ஊசி போயிருந்தது. தேவைப்பட்ட குழந்தைகளுக்கோ பிறந்த பிறகு கவனிக்க இடம் இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து, கர்ப்பத்தின் வாரங்களை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு உள்ள மருத்துவமனைகளில் மட்டும் அதே ஊசியைப் போட்டுப் பார்த்த ஆய்வில் மரணம் தெளிவாகக் குறைந்தது. மருந்து அதேதான், அதற்கு முன்னும் பின்னும் இருந்த கைகள் வேறு.

குறைமாதக் குழந்தை என்றதும் நினைவுக்கு வருவது கண்ணாடிப் பெட்டிபோன்ற இன்குபேட்டர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல், பெட்டிகள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க நேர்ந்து, தொற்று பரவிக்கொண்டிருந்த மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கத் தொடங்கினார். ‘கங்காரு முறை’ என்று பெயர் பெற்ற இது நெடுங்காலம், பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடாகவே கருதப்பட்டது. அதுவும் குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே அனுமதிக்கப்பட்டது. ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை வரை உள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். 28 நாட்களுக்குள் நிகழும் மரணம் 25 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதைச் சாத்தியமாக்கியது ஒரு கட்டடத் திருத்தம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயின் தையலையும் ரத்த அழுத்தத்தையும் அங்கேயே வந்து பார்க்க மகப்பேறு மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோய் உள்ள இருவரைத் தனித்தனி மாடியில் வைப்பதுதான் ஒழுங்கு என்று நினைத்துக் கட்டப்பட்ட மருத்துவமனைகளில் இது இன்றும் சுலபமான காரியம் அல்ல.

வீடு திரும்பிய பிறகு நிகழ்வதைப் பற்றி மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர் செய்த பணியைச் சொல்லாமல் கடக்க முடியாது. மருத்துவமனை எட்டாத 39 கிராமங்களில், ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பலமுறை பார்க்கச் செய்தார்கள். எடை பார்ப்பது, குளிரவிடாமல் காப்பது, தாய்ப்பால் கொடுக்க உதவுவது, மூச்சுத்திணறலைச் சமாளிப்பது, தொற்றின் அறிகுறிகள் தெரிந்தால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. பணி நடந்த கிராமங்களில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைப் பிரசவம் பரவலாகிவிட்ட இடங்களிலும் இந்தப் பாடம் பழசாகிவிடவில்லை. இப்போதைய பரிந்துரைப்படி பிரசவித்த பெண் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை தாயும் குழந்தையும் பார்க்கப்பட வேண்டும். பால் சரியாகக் குடிக்காத குழந்தை, வேகமாக மூச்சுவாங்கும் குழந்தை, உடல் சில்லிட்ட குழந்தை அந்த முதல் சில நாட்களில்தான் வெளிப்படும். பிரசவத்தோடு ரத்த அழுத்த நோய் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது வலிப்பு வரக்கூடியதும், கருப்பையில் தொற்று முளைப்பதும் அதே நாட்களில்தான். பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு வரும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, இன்னும் சற்றுத் தாமதமாக, எல்லோரும் வந்து பார்த்துப் போன பிறகு தலைகாட்டுகிறது.

முதல் மாதத்தைக் கடந்த குழந்தைக்கான சேவை ஒப்பீட்டளவில் நன்றாக அமைந்துவிட்ட ஒன்று. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கானில், வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலாநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்து, 30 சதவீதமாக இருந்த மரணத்தை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். 1974-இல் தொடங்கிய உலகளாவிய தடுப்பூசித் திட்டம் ஐம்பது ஆண்டுகளில் 15 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக 2024-இல் மதிப்பிடப்பட்டது. நிமோனியாவைக் கண்டறிய ஒரு கடிகாரமே போதும் என்று 1990-களிலிருந்து களத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்பது எல்லை. எட்டிவிட்டால் அது வேகமான மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது ஏற்கப்படுவதில்லை, ஏனெனில் சின்னக் குழந்தைகள் சீராக மூச்சுவிடுவதில்லை.

இத்தனை கட்டங்களையும் ஒரே இழையில் கோக்க முடியுமா என்பதற்கு ஜப்பான் தந்த விடை ஒரு சிறு புத்தகம். கர்ப்பிணிகளுக்கென்று 1942-இல் அங்கே தொடங்கிய கையேடு, 1948-இல் தாய்-சேய் கையேடாக மாறியது. முதல் பக்கங்களில் தாயின் எடையும் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் பரிசோதனையும். நடுவில் பிரசவ விவரம். பிறகு குழந்தையின் வளர்ச்சிக் கோடும் தடுப்பூசிகளும். புத்தகம் மருத்துவமனை அலமாரியில் இல்லாமல் தாயின் கைப்பையில் இருக்கும். அவர் எந்த மருத்துவரிடம் போனாலும் முந்தைய பக்கத்தை அந்த மருத்துவர் புரட்டிப் பார்க்கலாம். பல நாடுகள் இதைப் பின்பற்றியிருக்கின்றன. ஆனால் பக்கங்களை ஒன்றாகத் தைத்துவிட்டால் மட்டும் சேவை ஒன்றாகிவிடுவதில்லை. பல நாடுகளின் அட்டவணையில் குழந்தைக்கு முக்கியமான தடுப்பூசி ஆறாவது வாரத்தில் வருகிறது. தாய்க்கான கடைசிப் பரிசோதனையும் அதே ஆறாவது வாரத்தில்தான். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர் அந்தத் தாயே. ஊசி போடப்படுகிறது, குழந்தையின் பக்கத்தில் தேதி எழுதப்படுகிறது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லப்படுகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி அளக்க இரண்டு நிமிடம் ஆகும். தடுப்பூசி போடுபவரின் வேலைப் பட்டியலில் அது இல்லை. அதைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் மகப்பேறு பிரிவு வேறொரு மாடியில், வேறொரு கிழமையில் நடக்கிறது.